73939133-க்கு ஒரு காரணி

கோண்டாவில்
09.02.2025

அன்புள்ள துஷாந்த்,

கடிதத்தில் சொல்கிறேன் என்று ரயில் ஜன்னலுக்குள் இருந்து சொல்லிவிட்டு வந்தவள், இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் தினமும் பாடசாலை அதிபரின் மேசையில் தபாலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை நினைத்து நினைத்தே எழுதப் பிந்திவிட்டது. இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

புதிய பாடசாலை வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். இங்கே கணிதத்துக்கு ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவதாக நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். பாதிப் பாடவேளை சும்மா இருக்கிறேன். அங்கே தரம் ஆறிலிருந்து பதினொன்று வரைக்கும் நீங்கள் ஒருவரே வகுப்புக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்பது இங்கே ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஞாபகம் வருகிறது. சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகலை ஸ்டேஷனில் என் பெட்டியைத் தோளில் வைத்தபடி, "கௌசி மிஸ், நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாங்களா?" என்று கேட்டீர்கள். நான்கு வருஷம் பக்கத்து மேசையில் இருந்துவிட்டு, ரயில் வந்து நின்ற பிறகு வாயைத் திறக்கிற ஆளை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அதற்குத் தண்டனையாக உங்களுக்கு ஒரு கணக்கு.

ஆசிரியர் ஓய்வறையில் விளையாடுவோமே, ஒருவர் ஒரு எண்ணைச் சொல்ல மற்றவர் அதை வகுக்கிற காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும், தோற்றவர் வடையும் பிளேன்டீயும் வாங்க வேண்டும் என்று. அதே விளையாட்டுத்தான். எண் இது: 73939133. மனதில் வந்த வரிசையில் எழுதினேன், விசேஷம் ஒன்றும் இல்லை. ஒன்றையும் இந்த எண்ணையும் தவிர, இதை மீதியில்லாமல் வகுக்கும் ஏதாவது ஒரு எண்ணைக் கண்டுபிடித்து எழுதுங்கள். அது வந்து சேருகிற அன்றைக்கு உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

ஃபோனைத் தொடக்கூடாது, கம்பியூட்டரைத் தொடக்கூடாது. கையால் மட்டும். ஃபோன் இருந்தால் கை போகும் என்பதால், அதுவரைக்கும் நாம் ஃபோனில் பேசவும் வேண்டாம். தபால்தான்.

கோபிக்க மாட்டீர்களே?

கௌசி


கொட்டகலை
23.02.2025

அன்புள்ள கௌசி மிஸ்,

கோபம் இல்லை. ஆச்சரியம்தான். ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு எட்டு இலக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். ரயில் வந்த பிறகு கேட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன். பெட்டியைத் தூக்கியதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

வகுக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு, ஐந்து பார்த்தவுடனேயே இல்லை. மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினேன், 38 வந்தது. 39 வந்திருந்தால் மூன்று போயிருக்கும், நானும் அன்றைக்கே தபால்பெட்டிக்குப் போயிருப்பேன். ஒன்று குறைகிறது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதுவும் போகவில்லை. நூறு வரைக்கும் முடித்துவிட்டேன். வர்க்கமூலம் 8598-ஐத் தாண்டி வருகிறது. அதுவரைக்கும் உள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேலே இருக்கிறது.

எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருந்தேன். தரம் பத்தில் ஜெயந்தினி முன் வரிசை வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "அது என்ன எண்ணுங்க சேர், அழிக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். கௌசி மிஸ் அனுப்பினது, காரணி தேடுகிறேன் என்றேன். அவ்வளவுதான். "நாங்களும் வகுக்கலாங்களா சேர்?" என்று வகுப்பே எழுந்துவிட்டது. உங்கள் பெயரைக் கேட்டால் இப்போதும் அப்படித்தான்.

அதனால் நிரை பிரித்துக் கொடுத்துவிட்டேன். மலையில் கங்காணி ஒவ்வொருவருக்கும் தேயிலையில் ஒரு நிரையைக் காட்டிவிடுவார், அதை முடித்தால்தான் அடுத்த நிரை. அப்படியே முதன்மை எண்களைப் பிரித்து, இதிலிருந்து இதுவரை உனக்கு, இதிலிருந்து இதுவரை உனக்கு என்று கொடுத்தேன். பாடசாலை விட்டதும் கொஞ்ச நேரம் இருந்து வகுக்கிறார்கள். நீள வகுத்தலில் கை பழகிவிடும், நல்லதுதானே.

அம்மாவுக்கும் தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ள என்னடா இம்புட்டுப் பெரிய கணக்கு குடுத்துட்டுப் போயிருக்கு? மழைக்கு முந்தி முடியுமா?" என்று கேட்டது. முடிந்துவிடும் என்றேன்.

உங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

துஷாந்த்


கோண்டாவில்
16.03.2025

அன்புள்ள துஷாந்த்,

உங்கள் கடிதம் வந்து நிறைய நாளாகிறது. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம், தயவு செய்து. இது நமக்குள் உள்ள விளையாட்டு. அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் மேல் லயத்து வீடுகளின் பிள்ளைகள் எப்படி நடந்து போவார்கள்? ஜெயந்தினி தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியவள். அதை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கவில்லை.

எண் பெரிதாகிவிட்டதோ என்று யோசிக்கிறேன். வேண்டுமானால் மாற்றித் தருகிறேன். ஐந்து இலக்கத்தில் ஒன்று, சீக்கிரம் முடிகிற மாதிரி. நீங்கள் சொன்னால் அடுத்த கடிதத்திலேயே அனுப்புகிறேன். இதை விட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மா கேட்டதை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் புள்ள" என்று சொல்லியிருக்கிறா. ஒரு நாள் மழைக்கு உங்கள் வீட்டில் ஒதுங்கியபோது ரொட்டி சுட்டுத் தந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அடுப்பைத் தணிக்காமல் பக்கத்தில் இருந்தவ. அவவிடம் என்னைப்பற்றி அதிகம் சொல்லாதீர்கள்.

என் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறா. யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறா. பழைய பாடசாலைக்கு என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லைதானே.

கௌசி


கொட்டகலை
04.05.2025

கௌசி மிஸ்,

எண்ணை மாற்ற வேண்டாம். ஏன் மாற்றித் தருகிறேன் என்றீர்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

திலக்ஷனைத் தெரியும்தானே, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யாத பயல். அவனுக்குக் கொடுத்த நிரையை வகுக்கச் சலிப்புப் பிடித்து, எண்ணைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி விளையாடியிருக்கிறான். ஒரு இலக்கத்தை வெட்டினால் கொஞ்சம் சின்ன எண், இன்னொன்றை வெட்டினால் இன்னும் சின்னது, அதிலாவது ஏதாவது போகுமா என்று. கடைசியில் வந்து, "சேர், எங்க வெட்டுனாலும் வகுபட மாட்டேங்குதுங்க" என்றான். வேலைக்கள்ளன் என்று ஏசிவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

7 முதன்மை எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதுவும் அதை வகுக்காது. 73 முதன்மை எண். 739-உம் அப்படி. 7393, 73939, அவையும் அப்படி. 739391-ஐ மூன்று நாள் வகுத்தேன், அதற்கும் ஒன்றும் இல்லை. விதியை மீறவில்லை. ஃபோனைத் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை. மனதில் வந்த வரிசையில் இப்படி ஒரு எண் யாருக்கும் வராது. யாரோ தேடிக் கண்டுபிடித்த எண் இது. அதை நீங்கள் தேடி எடுத்திருக்கிறீர்கள். முழு எண்ணுக்கும் காரணி கிடையாது. ஆயிரம் தடவை வகுத்தாலும் கிடைக்காது. பெப்ரவரியிலேயே உங்களுக்கு அது தெரியும்.

நான் என்ன கேட்டேன் உங்களிடம்? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று பிளட்ஃபோமிலேயே சொல்லியிருக்கலாம். பெட்டியை ஏற்றிவிட்டுப் போயிருப்பேன். இல்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஆட்கள்தானே நாங்கள். தோட்டத்து ஒபீஸில் கேட்டிருக்கிறோம், பேங்கில் கேட்டிருக்கிறோம். உங்கள் வாயிலிருந்து இன்னொன்றைக் கேட்டால் செத்துவிட மாட்டேன்.

நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்தெடுத்து, பின்னேரம் நிறுக்கும்போது எடை காணாது என்று அரைப்பேர் போட்டு, பாதிக் கூலியோடு அனுப்புவார்கள். அம்மா அப்படி எத்தனையோ நாள் வந்திருக்கிறது. அதையாவது சகிக்கலாம், தராசைக் கண்ணால் பார்க்கலாம். நீங்கள் கொழுந்தே இல்லாத மலைக்கு எங்களை அனுப்பியிருக்கிறீர்கள்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஒரு சொல் போதும்.

துஷாந்த்


கோண்டாவில்
18.05.2025

அன்புள்ள துஷாந்த்,

நீங்கள் எழுதியது முழுவதும் சரி. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

கண்டியில் கணித ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு வைத்தார்களே, நீங்கள் காய்ச்சல் என்று வராமல் விட்டது, அங்கே ஒருவர் இந்த எண்ணைப்பற்றிப் பேசினார். வலப்பக்கத்தில் இருந்து ஒவ்வொரு இலக்கமாக எடுத்துக்கொண்டே போனாலும், கடைசி ஏழு வரைக்கும் முதன்மை எண்ணாகவே இருக்கும். இந்தக் குணமுள்ள எண்கள் மொத்தம் எண்பத்து மூன்றுதானாம். அதில் ஆகப் பெரியது இது. இதோடு முடிந்தது. இதற்கு வலப்பக்கத்தில் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் வகுபட்டுவிடும். அன்றைக்கு அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வந்து உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். நீங்கள் படுத்திருந்தீர்கள், பிறகு மறந்துவிட்டது. உங்களுக்காகப் பாடமாக்கிய எண்ணை உங்களுக்கு எதிராகவே எடுத்தேன்.

ஹட்டனைத் தாண்டும்போது ரயிலில் இருந்தபடியே யோசித்துவிட்டேன். காரணி கேட்கலாம், அது கிடைக்காது, நீங்கள் தேடித் தேடிக் களைத்து நீங்களாகவே விட்டுவிடுவீர்கள், யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. எவ்வளவு கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு கொழும்பு வரைக்கும் வந்தேன். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போதே என்னை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். போன மார்கழி விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது உங்கள் பெயரைப் பேச்சோடு பேச்சாக நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன் போல. அம்மா கறி கிண்டிக்கொண்டு இருந்தவ, திரும்பாமலே, "ஆர் அந்தச் சேர்? தோட்டத்துப் பெடியனோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "உனக்கென்ன விசரே? சனம் என்ன சொல்லும்?" என்றா. நான் அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. அப்படிக் கதைக்க வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அரிசியைக் களையப் போய்விட்டேன். துஷாந்த், உங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து ரொட்டி சாப்பிட்டவள் நான். அந்த இடத்தில் வாய் திறக்காதவள், நீங்கள் ஸ்டேஷனில் கேட்டபோது மட்டும் என்னத்தைத் திறப்பேன்?

இல்லை என்று ஒரு சொல் எழுதச் சொல்கிறீர்கள். அது என்னால் முடியாது, ஏனென்றால் அது உண்மை இல்லை. ஓம் என்று எழுதினால் அதை இந்த வீட்டுக்குள் நின்று சொல்ல வேண்டும். அதற்குத் துணிவு இல்லை. இதற்கு மேல் என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

என்னை ஏசுங்கள். ஆனால் பிள்ளைகளை நிறுத்திவிட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

கௌசி


கொட்டகலை
15.06.2025

அன்புள்ள கௌசி,

ஏசத்தான் உட்கார்ந்தேன். ஏச எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

பிள்ளைகளை நான் நிறுத்தவில்லை. காரணி இல்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. போன கடிதத்தில் அவ்வளவு பேச்சுப் பேசிவிட்டு, அதைத் தபாலில் போட்டுவிட்டு, அடுத்த நாளும் அவர்களை இருத்தி வகுக்கவிட்டேன். நிறுத்தினால் ஏன் சேர் என்று கேட்பார்கள். மிஸ் வர மாட்டாங்க என்று சொல்ல வேண்டி வரும். அவர்கள் வகுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் விஷயம் முடியவில்லை என்று எனக்கொரு நினைப்பு. உங்கள் கடிதத்தில் களைத்து விட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் களைக்கவில்லை, பிள்ளைகளைத்தான் களைக்க வைத்தேன்.

ஜெயந்தினியின் அப்பா மாயாண்டி அண்ணன் ஒரு நாள் மழையில் வந்து நின்றார். கொங்காணிச் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "புள்ளைங்க கணக்குல கெட்டியாகணும்னுதானே சேர் நிக்க வைக்கிறீங்க? ஓ லெவல் பரீட்சைல பாஸ் பண்ணிருங்களா?" என்று கேட்டார். ஆமாங்க அண்ணே என்றேன். அந்த மனுசன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் எல்லோரும் நிரையை முடித்துவிட்டார்கள். ஜெயந்தினிதான் பாக்கி. அவள் 2647-ஆல் வகுத்த தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "வந்திருச்சிங்க சேர்" என்றாள். மீதி பூச்சியம் போட்டிருந்தாள். வகுப்பே கை தட்டியது. திலக்ஷன் வாங்கில் ஏறி நின்று, "மிஸ் வரப்போறாங்க" என்று கத்தினான். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எதுவும் சொன்னதில்லை. இந்தத் தோட்டத்தில் எதை மறைக்க முடியும்?

வராது என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். பிறகு கடைசி வரியைப் பார்த்தேன். மற்றவர்களை அனுப்பிவிட்டு, "ஏன் புள்ள?" என்று மட்டும் கேட்டேன். "பாவங்க சேர் நீங்க. எத்தன நாளா வகுக்கிறோம். ஒரு பூச்சியம் போட்டா மிஸ்ஸு வந்துருவாங்கன்னு நெனச்சேங்க" என்றாள்.

கௌசி, கணக்கில் பொய் எழுதக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு ஆறாம் தரத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தவர்கள் நாம் இரண்டு பேரும். மீதி வந்தால் வந்ததை எழுது, அசிங்கமாக இருந்தாலும் எழுது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அவள் எழுதிய முதல் பொய் எனக்காக. நீங்கள் என்னிடம் சொன்ன பொய்யும், நான் அவள் அப்பாவிடம் சொன்ன பொய்யும் சேர்ந்து கடைசியில் அவள் தாளில் வந்து நிற்கிறது.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எனக்குத் திருத்தக் கை வரவில்லை. அவள் உங்களுக்கும் மாணவிதான். சரியென்றோ பிழையென்றோ நீங்களே போட்டு அனுப்புங்கள். வகுப்பில் இப்போது யாரும் எதையும் வகுக்கவில்லை. பலகையில் இருந்ததையும் அழித்துவிட்டேன்.

உங்கள் அம்மா கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீங்கள் அரிசி களையப் போனதுதான் வலிக்கிறது. அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் இன்றைக்கு என்னால் முடியவில்லை.

துஷாந்த்


கோண்டாவில்
13.07.2025

அன்புள்ள துஷாந்த்,

தாளைத் திருத்தி அனுப்புகிறேன். ஒரு வாரம் அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரியில் 8423 வர வேண்டிய இடத்தில் 7941 என்று எழுதி, 7941-இலிருந்து 7941-ஐக் கழித்திருக்கிறாள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரி. ஈவும் சரி. சிவப்புப் பேனாவால் அந்த வரியை வெட்டி, மீதி 482 என்று எழுதினேன். இவ்வளவு காலத்தில் எத்தனையோ ஆயிரம் பிழை போட்டிருப்பேன், ஒரு கோடு போட இவ்வளவு நாள் பிடித்தது இதற்குத்தான்.

அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், வகுப்புக்கு முன்னாலேயே: "ஜெயந்தினி, கணக்கு பிழை. ஆனால் பிழை உன்னில் தொடங்கவில்லை. மிஸ் ஒரு வகுபடாத எண்ணைக் கொடுத்துவிட்டு வகுக்கச் சொன்னேன். வகுபடாது என்று எனக்குத் தெரியும். ஆளுக்கு முன்னால் நின்று பதில் சொல்லப் பயந்து, எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ செய்தது எனக்காகவும் சேருக்காகவும். இனி யாருக்காகவும் பூச்சியம் போடாதே. மன்னித்துக்கொள்."

தாளைத் திருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். இந்த முறை அரிசி களையப் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் யாருடைய மகன் என்பதையும் அவ என்ன வேலை செய்கிறா என்பதையும் சொல்லி, நான் கல்யாணம் கட்டுகிறதென்றால் உங்களைத்தான் என்று சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்துபோனா. அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மட்டும் போட்டு மூடி வைத்துவிடுகிறா. அப்பா சோற்றுக் கோப்பையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளை, நீ எங்களைக் கேக்கிறியோ, இல்லாட்டி சொல்லுறியோ?" என்று கேட்டார். சொல்கிறேன் அப்பா என்றேன். "அப்ப சரி" என்றார். சம்மதமா கோபமா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. இனிமேல்தான் வீட்டில் எல்லாம் இருக்கிறது. சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த நாள் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். அங்கிருந்தவர் வாசித்துவிட்டு, "எல்லாரும் அங்கையிருந்து இஞ்சை வரத்தானே கேக்கிறவை, நீர் என்ன மறுவளமாய்?" என்று சிரித்தார். அங்கே தரம் ஆறிலிருந்து பதினொன்று வரை ஒரேயொரு சேர்தான் இருக்கிறார் என்றேன்.

இனி அந்தக் கணக்கு. முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள், இலக்கங்களைக் கூட்டினால் 38 வருகிறது, மூன்றால் வகுபட ஒன்று குறைகிறது என்று. அந்த ஒன்றை நான்தான் கொடுத்திருக்க வேண்டும். இப்போது வலப்பக்கத்தில் சேர்க்கிறேன்: 739391331. நிபந்தனை பழையதுதான், ஒரு காரணி. ஆறாம் தரத்துப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

உங்களுக்கு இனி வகுக்க மனமில்லை என்றால் வகுக்காமல் விடலாம். அப்படி விட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் என் பதிலுக்கு இனி எந்தக் காரணியும் தேவையில்லை. ஓம்.

கௌசி


கொட்டகலை
21.07.2025

அன்புள்ள கௌசி,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். வகுக்க மனம் வரவில்லை, அதை ஒளிக்க மாட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "மறுபடியும் கணக்கா?" என்று கேட்டது. சின்னக் கணக்குத்தான் என்றேன்.

இன்று காலை ஜெயந்தினியைப் பலகைக்குக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதியதை வகுப்புக்கு முன்னால் வாசித்தேன். அழுதாள். நானும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னேரம் மாயாண்டி அண்ணனிடமும் போகிறேன்.

பிறகு புது எண்ணைப் பலகையில் எழுதினேன். அவள் விரல்விட்டுக் கூட்டினாள், 39 வந்தது. "மூணுங்க சேர்" என்றாள். வகுத்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் சோக்கட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "போடலாங்களா சேர்?" என்று கேட்டாள்.

நீயே பார்த்துச் சொல் என்றேன். மறுபடி மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரி பார்த்துவிட்டுப் போட்டாள்.

காரணி 3. மீதி பூச்சியம். நானும் சரி பார்த்துவிட்டேன்.

வாங்க.

துஷாந்த்